நடுவில் கிடக்கும் எண்பது சென்ட்

ஏழாயிரம்பண்ணையில் அரசு கட்டிக்கொடுத்த வீடுகளில் என்னோடு குடியிருக்கும் அண்ணாச்சிமார், மதினிமார், தம்பி தங்கச்சிகள் எல்லோருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் நடு மைதானத்தை டேப் பிடித்து அளந்தபோது நானும் அங்கேதான் நின்றேன். ஒரு முனையை ஒரு பையன் பிடித்திருந்தான்; மறுமுனை வேலிக்கருவை முள்ளில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. ஒருவழியாக அளந்து முடித்து, பட்டாசுப் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். இடம் 80 சென்ட். வீடு 64. ஆளுக்கு ஒன்றேகால் சென்ட். அதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு சந்தோஷம் பரவியது பாருங்கள், அதற்குப் பிறகு எனக்குப் பேச வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கூட்டத்தில் பேசினால் பாதிப்பேர் போனைப் பார்ப்பீர்கள். ரேசன் கடைச் சுவரில் ஒட்டினால் அரிசிக்கு நிற்கிற நேரத்திலாவது படிப்பீர்கள்.

1799-ல் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துக் கும்பெனிக்காரன் பறித்துக்கொண்ட பாளையங்களில் நம் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. ஊர்ப் பெயரில் ஏழாயிரம் இருக்கிறது. நம் கைக்கு வரப்போவது ஒன்றேகால்.

என்னைத் தெரியாத இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். நான் இருபத்தேழு வருசம் பட்டாசு செய்கிற வெடி ஆபீசில் இருந்தவன், அதில் பதினெட்டு வருசம் போர்மேன். அந்த வேலையில் முதலில் படித்த பாடம் மருந்து கலக்குவதைப் பற்றியது இல்லை. வெறும் இடத்தைப் பற்றியது. ஆபீசுக்குள் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு அறை, பிறகு கொஞ்ச தூரம் பொட்டல், பிறகு இன்னொரு அறை. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கும்: "இம்புட்டு இடத்தைச் சும்மா போட்டு வச்சிருக்காகளே, இன்னும் நாலு ரூம் கட்டலாமே?" அதற்கு ஒரே பதில்தான். ஒரு அறையில் பிடிக்கிற தீ அடுத்த அறைக்குத் தாவக் கூடாது. தாவுவதற்கு முன்னால் மனுசன் ஓடித் தப்ப வேண்டும். அந்த இடைவெளிக்குச் சட்டம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, வெடிபொருள் துறை முத்திரை இருக்கிறது. ஒரு அடி குறைந்தாலும் லைசென்ஸ் கிடையாது.

வேலை செய்கிற இடத்தில் அறைக்கு அறை இடைவெளி கேட்கிற நாம், படுத்துத் தூங்குகிற இடத்தில் கேட்கவில்லை. ஒரு வீட்டில் தாளிக்கிற கடுகு அடுத்த வீட்டில் தும்மலாகிறது. வீடு கட்டும்போது வரைபடத்தில் பொது இடம் என்று ஒரே ஒரு கட்டம் போட்டு நடுவில் விட்டார்கள். நமக்கு வாய்த்த இடைவெளி அது ஒன்றுதான். அதையும் அறுபத்து நாலாக நறுக்கப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசப்பாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் நிழலுள்ள மரம் எங்கே இருக்கிறது? கோயிலைத் தவிர்த்தால் வெடி ஆபீசுக்குள் இருக்கிறது. அறைகளுக்கு நடுவே வேம்பும் புங்கையும் நன்றாக வளர்ந்து நிற்கும். அந்த நிழலில் நாம் என்ன செய்தோம்? அறைக்குள் புழுக்கம் தாங்காமல், சீசன் நேரத்தில் எண்ணிக்கை கூட்டுவதற்காக, வேலையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தோம். "மரத்தடியில் வைத்து உற்பத்தி" என்ற வாசகம் ஆய்வுக்கு வருகிறவர்களின் பேப்பரில் திரும்பத் திரும்ப வரும். நானே கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். அதை இங்கே மறைக்கவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி வெடிவிபத்து, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் வெடிவிபத்து. அந்த இரண்டு நாளைப் பற்றி உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, நம் தெருவில் போட்டோவுக்கு மாலை போட்ட வீடுகள் இருக்கின்றன. சொல்ல வந்தது, மருந்து கையில் இல்லாமல் ஒரு மரத்தடியில் சும்மா உட்கார்ந்து நம்மில் பலருக்குப் பழக்கமே இல்லை. அப்படி ஒரு மரம் நமக்கு வேண்டும்.

"பழைய ஊர்களில் மந்தை இருந்தது, ஊருணி இருந்தது, களம் இருந்தது, அந்தக் காலம் போச்சு" என்று சில பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அந்தப் பெருமூச்சு வருவதில்லை. அந்த மந்தையில் யார் உட்கார்ந்தார்கள், யார் எட்ட நின்றார்கள்? அந்த ஊருணியில் யார் குடம் இறங்கியது, யார் குடம் கரையில் காத்துக்கிடந்தது? பொது என்று சொன்ன இடமெல்லாம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. அந்தப் பொதுவில் இடமில்லாதவர்களுக்குத்தான் ஊருக்கு வெளியே வரிசை வீடு கட்டிக் 'காலனி' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுப்பதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. ஆனால் காலையில் ஆள் ஏற்ற வருகிற வேன்காரர் போனில் இன்னும் "காலனி முக்குல நிக்கேன்" என்றுதான் சொல்கிறார்.

இதை மாற்றிப் பார்க்க அரசே ஒருதரம் முயன்றது. 1997-ல் அறிவித்து, 1998 ஆகஸ்டில் திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரத்தைத் திறந்தார்கள். நூறு வீடு என்றால் நாற்பது ஆதிதிராவிடர்களுக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்து மற்றவர்களுக்கு. சாதிவாரியாகத் தெரு பிரிக்காமல் வீட்டைக் கலந்து கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. விளையாட்டுத் திடல், சமுதாயக் கூடம், நூலகம் என்று வீட்டுக்கு வெளியே கலந்து நிற்பதற்கும் இடம் விட்டார்கள். அந்தத் திட்டத்தில் என் மனசுக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பாதிதான். சுவர் பக்கத்தில் சுவர் இருந்தால் மட்டும் மனுசன் பழகிவிட மாட்டான். வெண்டைக்காய்க்கு யார் முறை தண்ணீர் ஊற்றுவது என்று சண்டை போடவாவது ஒரு இடம் வேண்டும்.

சரி, ஒன்றேகால் சென்ட்டுக்கு வருவோம். 544 சதுர அடி. வீட்டுக்கு ஒட்டி இருந்தாலாவது ஒரு அறை இழுக்கலாம். இது மைதானத்தில் எங்கோ ஒரு மூலையில் வரும். போய்வரப் பாதை விட்டால் ஒரு சென்ட்டும் தேறாது. பட்டா கிடைக்காது; பொது இடத்துக்கு யார் கொடுப்பார்கள்? ஆளுக்கு நாலு கல் ஊன்றுவோம், கல்லை யார் நகர்த்தினார்கள் என்று அடுத்த வருசம் ஸ்டேசனில் நிற்போம். பிளாட் போட்டு விற்கிற வியாபாரியே 3,000 சதுர மீட்டருக்கு மேல் இடம் போட்டால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கட்டட விதி சொல்கிறது. விற்கிறவனுக்கு இருக்கிற கட்டாயம் குடியிருக்கிற நமக்குத் தோன்றாமல் போனது எப்படி?

இப்போது நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். "ஏற்கெனவே மரம் நட்டோமே, என்ன ஆச்சு?"

ஆமாம், நட்டோம். ஒரு ஆகஸ்ட் 15 அன்று நாற்பது கன்று. கொடியேற்றம், மிட்டாய், ஆளாளுக்கு ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டு போட்டோ. தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பை நான்தான் ஏற்றேன், ஒரு நோட்டில் பெயரெல்லாம் எழுதி வைத்தேன். மார்கழிக்குள் முப்பத்தொன்பது போய்விட்டது. குற்றம் என்னுடையது. ஆனால் எப்படிப் போனது என்பதைச் சொன்னால் அடுத்த தடவை பிழைக்கும்.

ஆகஸ்ட் 15 என்பது ஆடிக் கடைசி. காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற நேரம். தீபாவளிச் சரக்கு அனுப்புகிற நேரமும் அதுதான். விடிய வேனில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவோம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. யார் குடம் தூக்குவது? நானே பத்து நாள் ஊற்றினேன், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. மிச்சத்தை ஆடு பார்த்துக்கொண்டது. ஆகஸ்ட் 15 போட்டோவுக்கு நல்ல நாள். வேருக்கு நல்ல நாள் இல்லை.

நம் மாவட்டத்தில் வருசத்துக்கு 800 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழுகிறது. தீபாவளி முடிந்து ஆபீஸ் பூட்டிக்கிடக்கிற வாரங்களும் அதே ஐப்பசி, கார்த்திகைதான். சரக்குப் போய்விட்டது, போனஸ் கையில் இருக்கிறது, மழை பெய்கிறது, வீட்டில் சும்மா இருக்கிறோம். வானமும் முதலாளியும் ஒரே நேரத்தில் லீவு கொடுக்கிற வாரங்கள் வேறு தொழிலில் இல்லை. இத்தனை வருசம் நாம் அதைச் சீட்டாட்டத்தில் கழித்தோம்.

கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஈரமாயிருந்தால் காலை விடாது, காய்ந்தால் கடப்பாறையை விடாது. அதனால் குழியை மழைக்கு முன்னாலேயே வெட்டிவிட வேண்டும். கோடைமழை ஒன்று விழுந்து மண் இளகியதும் மூன்றடிக்கு மூன்றடி வெட்டி, வெயிலில் ஆறவிட்டு, பாதிக்கு மேல் கண்மாய்க் கரம்பையும் மணலும் சாணிக்குப்பையும் கலந்து நிரப்ப வேண்டும். முதல் மழை ஊறியதும் கன்று வைக்கலாம். கன்றைச் சுற்றிக் கொஞ்சம் மேடு கட்டுங்கள். கரிசலில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டும். வீட்டுச் சுவருக்குப் பதினைந்து அடிக்குள் பெரிய மரம் வேண்டாம். இந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிப்பு விடும். மரவேர் பக்கத்தில் ஈரத்தை உறிஞ்சினால் அஸ்திவாரம் ஒருபக்கம் இறங்கும். நம் வீடுகளில் ஏற்கெனவே ஓடுகிற விரிசல் போதும். ஆளாளுக்கு வாசலில் மரம் வைக்க முடியாத மண்ணில், நடு மைதானம் ஒன்றுதான் மரத்துக்கு இடம்.

என்ன மரம்? புங்கை. அடர்ந்த நிழல், ஆடு லேசில் வாய் வைக்காது. அடுத்தது வேம்பு. குல்மோகர் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்; பூ அழகுதான், ஆனால் காற்றுக்குக் கிளை முறியும், அது ஓரமாக ஒன்றிரண்டு இருக்கட்டும். நடுவில் காய்கறிக்கு மேட்டுப்பாத்தி. சீனியவரை, வெண்டை, கத்தரி, பந்தலில் சுரையும் பீர்க்கும், மூலைக்கு ஒரு அகத்தி. சாத்தூர் வெள்ளரிக்கு ரயில்வே ஸ்டேசன் வரை பேர் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் நாம் நாலு கொடி போட்டுப் பார்க்காமலா விடுவது?

தண்ணீர் எங்கே என்பீர்கள். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர் குழாயில் வர வேண்டும். வீட்டுக்கு நாலு பேர், 64 வீடு என்றால் 14,080 லிட்டர். அதில் பாதிதான் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 7,040. நம் ஊர்ப் பெயரில் இருக்கிற ஏழாயிரம் சாக்கடையில் ஓடுகிறது என்று அன்றைக்கு அட்டையில் கணக்குப் போட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் குளிக்கிற தண்ணீரையும் ஒரு வாய்க்காலில் இழுத்து, முதலில் கல்வாழை, சேம்பு நட்ட பள்ளத்தில் விட்டு, அங்கிருந்து வாழைக்கும் மரத்துக்கும் பாய்ச்சலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. வேலைத்துணி அலசுகிற தண்ணீர் காய்கறிப் பக்கம் வரவே கூடாது. அலுமினியப் பவுடரும் பேரியமும் ஒட்டிய துணி அது. பேரியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும், வயிற்றுக்குள் போனால் நஞ்சு. ராத்திரி நீங்கள் கை கழுவும்போது வெள்ளி நிறமாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தனிக் குழி. கீரைப் பாத்திக்குக் குழாய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மட்டும்.

வெளிநாட்டுக் கதை சொல்வதில் எனக்கு ஆர்வம் கம்மி. ஆனாலும் சிங்கப்பூர்க் கதை நமக்கு ஒட்டும், ஏனென்றால் அங்கே பெரும்பாலான சனம் அரசு கட்டிய அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறது. 2005-ல் அங்கே பூங்கா வாரியம் குடியிருப்புத் தோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. புளோக்குக்குக் கீழே கிடக்கிற பொது நிலத்தில் குடியிருப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து தோட்டம் போடலாம். இன்று அப்படிப்பட்ட தோட்டங்கள் ஆயிரக்கணக்கில். பிறகு பூங்காக்களில் தனித்தனிப் பாத்தியும் வாடகைக்கு விட்டார்கள். ஒரு பாத்தி இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். நம் கயிற்றுக் கட்டிலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். மூன்று வருசம் உன் கையில், அப்புறம் அடுத்த ஆளுக்கு. நிலம் யாருக்கும் சொந்தமாகவில்லை, விளைச்சல் மட்டும் அவரவர்க்கு. நமக்குப் பிடிபட வேண்டிய சூட்சுமம் இதுதான். பிரிப்பதென்றால் விளைச்சலைப் பிரிப்போம். இதைவிடப் பழசு வியன்னாவில் இருக்கிறது. 1930-ல் தொழிலாளர்களுக்காக நகராட்சி கட்டித் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்கிற குடியிருப்பு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கட்டடம். மிச்சமெல்லாம் முற்றமும் தோட்டமும். இடம் இல்லாமலா அவ்வளவு விட்டார்கள்?

சில கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாமல் இது நடக்காது, அதில் நான் பழைய போர்மேன்தான். மைதானத்துக்குள் மருந்து வரக் கூடாது. திரி வரக் கூடாது, மிச்சமான மணிமருந்து வரக் கூடாது, "ஒரே ஒரு சரம்தான் மாமா" என்பதும் கிடையாது. வெறும் காகிதக் குழாய் உருட்டுகிற பெண்கள் தாராளமாக நிழலில் வந்து உட்காரட்டும். காகிதத்தால் யாரும் சாகவில்லை. ராத்திரி பாட்டில் கொண்டுவருகிறவர்களுக்கு நான் சொல்லிப் பயனில்லை, உங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். ஆடு விசயம்தான் பெரிய தலைவலி. ஆடு வைத்திருக்கிற பதினோரு வீட்டையும் பகைத்துக்கொண்டு தோட்டம் போட முடியாது. அகத்தியிலும் பந்தல் கழிவிலும் முதல் பங்கு ஆடு வைத்திருப்பவர்களுக்கு, பதிலுக்கு வேலி அவர்கள் பொறுப்பு. இது நான் தனியாக முடிவு செய்தது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கன்றுக்கு ஒரு வீடு என்று இந்த முறை பிரிக்க வேண்டாம். ஒரு வீட்டில் பிரசவம், ஒரு வீட்டில் சாவு, ஒரு வீடு பூட்டிவிட்டுத் திருப்பூர் போயிருக்கும். மூன்று வீட்டுக்கு ஒரு மரம். எதிரெதிர் வரிசையிலிருந்து மூன்று வீடு, பக்கத்து வீடாக வேண்டாம்.

அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். அதில் தீர்மானமாகக் கொடுக்க ஒரு பேப்பர் எழுதி வைத்திருக்கிறேன்: இந்த 80 சென்ட்டும் பொது இடமாகவே இருக்கும், யாருக்கும் பிரிக்கப்படாது, மரமும் தோட்டமும் விளையாட இடமும் தவிர வேறெதற்கும் போகாது. முழுக்கச் சிமெண்ட் கல் பதித்துவிடலாம் என்கிறவர்களும் இருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் செருப்பில்லாமல் ஒரு நிமிசம் நின்று காட்டுங்கள், பிறகு பேசுவோம். பேப்பரில் இதுவரை ஒன்பது கையெழுத்து. என்னுடையதையும் என் மருமகளுடையதையும் சேர்த்துத்தான்.

முப்பத்தொன்பது போனது என்று சொன்னேனே, மிச்சம் ஒன்று நிற்கிறது. ரேசன் கடைக்குப் பின்பக்கம், தெற்கு வரிசை கடைசி வீட்டுக்கு எதிரே, ஆளுயரத்துக்கு மேல் ஒரு புங்கை. என் நோட்டில் அந்த வீட்டுப் பெயரே கிடையாது. அங்கே இருக்கிற பெரியம்மா போட்டோ எடுத்த அன்றைக்கு ஊரிலேயே இல்லை. போன வாரம் போய்க் கேட்டேன். "கழனித்தண்ணிய எங்கயாச்சும் கொட்டணும்ல, அங்கன கொட்டுவேன்" என்றார். காலையில் ஒரு சட்டி, சாயந்திரம் ஒரு சட்டி. இப்போது அதன் அடியில் ஒரு கட்டில் போட்டிருக்கிறார். நான் போன நேரத்தில் அதில் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டதற்கு, "வேனுக்குப் போற வீட்டுப் பிள்ளைக. யாரா இருந்தா என்ன, சத்தம் போடாத" என்று என்னை விரட்டிவிட்டார்.

கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர் அந்தப் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறது. வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிற வழிதான்.

இப்படிக்கு,
வடக்கு வரிசையில் குடியிருக்கும் பழைய போர்மேன்